சங்கக் குறிப்பேட்டின் முதல் தாள்

பிழைதிருத்தியின் வீட்டுக்கு வந்த தையற்கடை அம்மாள் உட்காருவதற்குள்ளேயே அழ ஆரம்பித்துவிட்டார். பிழைதிருத்தி தண்ணீர் எடுத்து நீட்டினார். அச்சகத்தில் நாற்பது வருடம் பிழை திருத்தி ஓய்வு பெற்ற அவருக்கு வயது எண்பது. எதற்கும் பதறமாட்டார். பதறுவதற்கென்றே பக்கத்தில் மைத்துனர் இருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்; எதிரே வருகிற எவனையும் நம்பாதே என்பது அவர் தொழில் பாடம்.

"எங்க கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்துக்கு எழுபத்தஞ்சு வருஷம் ஆகுது. வரலாறு எழுதுறோம். நிறுவினவர் பேரை நாளைக்குக் கல்லுல வெட்டப் போறாங்க. நிறுவினது எங்கப்பா. விடுதிச் சமையற்காரர் மகன். ஆனா சங்கத் தலைவர், அது தன் தாத்தான்னு சொல்றார்."

"தலைவர் யாரு?"

"பல் டாக்டர். சங்கத்தோட முதல் குறிப்பேட்டை, வரலாறு எழுத ஒரு வாரம் வெச்சுக்கோன்னு என்கிட்ட குடுத்தார். அதுல முதல் பக்கத்துலயே அப்பா பேரு இருக்கு. நோட்டு என் கையில இருக்கும்போதே போன் பண்ணிச் சொன்னேன். 'அது போலி, நீயே எழுதினது'ன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டார். இப்போ நோட்டைத் திருப்பி வாங்கி வெச்சிருக்கார்."

"டாக்டர்தான் திருடன்," என்றார் மைத்துனர்.

"என்ன திருடினார் மாப்ள?"

"அது தெரியலை அத்தான். ஆனா திருடன்."

மூவரும் போனபோது பல் மருத்துவமனையின் முன்னறையில் நோயாளிகள் யாருமில்லை. மருந்து நெடி. டாக்டர் கையுறையைக் கழற்றாமலேயே குறிப்பேட்டை மேசையில் வைத்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பில் பல் அதிகம், நட்பு குறைவு என்று மைத்துனருக்குப் பட்டது.

பிழைதிருத்தி முதல் தாளை உரக்கப் படித்தார். "ஞாயிறு மாலைப் பூசை முடிந்து, ஐந்தரை மணிக்குப் பள்ளி நூலகத்தில் கூடிச் சங்கத்தை நிறுவினோம்." கீழே அம்மாளின் அப்பா பெயர். தேதி 1946. பிறகு அவர் மற்ற பக்கங்களைப் புரட்டினார். எல்லாக் கூட்டமும் காலைப் பூசைக்குப் பிறகே. ஒன்றில், 'உறுப்பினர்கள் பசியோடிருந்ததால் முதலில் ரொட்டி' என்றிருந்தது. முதல் தாளின் ஓரத்தை விரலால் தடவினார். நெருக்கமாக, சீராக, மெல்லிய நூலால் தைத்திருந்தது.

"அம்மா, இது நீங்க எழுதினதுதான்."

மைத்துனர் அதிர்ந்து எழுந்தார். டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார்.

"அந்தக் காலத்துல பூசை காலையிலதான். பூசையில நன்மை, அதான் நற்கருணை, வாங்கணும்னா நடு ராத்திரியிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கக் கூடாது. பூசையில சாமியாருக்கு உதவுற பீடச் சிறுவனா இருந்தப்போ பசியில மயங்கி விழுந்தவன் நான். சாயங்காலப் பூசைக்கு அனுமதி வந்தது அப்புறம் ஏழு வருஷம் கழிச்சுத்தான். அதுக்குப் பிறகு பிறந்தவங்களுக்கு அது எப்பவும் இருந்த மாதிரிதான் தோணும். அப்புறம், புத்தகம் கட்டுறவன் இப்படித் தைக்கமாட்டான். இது பாவாடை ஓரம் மடிக்கிற கை."

அம்மாள் தலைகுனிந்தார். "நோட்டு வந்தப்போ முதல் தாளே இல்லைங்க. அப்பா சொன்னது எனக்குத் தெரியும். தெரிஞ்சதை எழுதினேன்."

"பாத்தீங்களா?" என்றார் டாக்டர். "பொய்க்காரி."

"ஆமா, பொய்தான். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் டாக்டர். இவங்க போன் பண்ணப்போ நோட்டு இவங்ககிட்ட. அந்தத் தாளை நீங்க கண்ணாலயே பாக்கலை. போலின்னு எப்படிச் சொன்னீங்க?"

டாக்டர் கையுறையை மெல்லக் கழற்ற ஆரம்பித்தார்.

"தாள் தானாத் தொலைஞ்சிருந்தா, நோட்டைக் குடுக்கும்போதே 'முதல் தாள் இல்லை'ன்னு சொல்லியிருப்பீங்க. முதல் தாள் இருக்கவே முடியாதுன்னு ஒருத்தருக்குத்தான் தெரியும். அதை வெட்டினவருக்கு."

"நான் சொன்னேன்ல அத்தான்!"

"உக்காரு மாப்ள. வெட்டினதுனால மட்டும் அதுல யார் பேரு இருந்ததுன்னு தெரிஞ்சிடாது." பிழைதிருத்தி குறிப்பேட்டின் அட்டையைத் திறந்து, அதன் உட்புறத்தைக் காட்டினார். பழுப்புத் தாளில் மங்கலான நீலக் கோடுகள், கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகத் திரும்பிய எழுத்துகள். "பழைய முதல் தாள்ல மை காயறதுக்குள்ள நோட்டை மூடியிருக்காங்க. அச்சகத்துல ஈய எழுத்தை இடம் வலமாப் படிச்சே பழகினவன் நான். ஆனா நான் படிச்சா நம்பமாட்டீங்க. வாய்க்குள்ள விட்டுப் பாக்குற கண்ணாடி இருக்குமே, எடுத்துட்டு வந்து நீங்களே படிங்க."

டாக்டர் படித்தார். காசளவு கண்ணாடியில் ஒரு நேரத்துக்கு ஒரு சொல்தான் விழுந்தது. "காலைப்... பூசைக்குப் பின்... சங்கம் வேண்டுமென்று... முன்மொழிந்து... நிறுவியவர்..." அடுத்த சொல்லில் குரல் நின்றது. மைத்துனர் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து மீதியைப் படித்தார். அது விடுதிச் சமையற்காரர் மகனின் பெயர். டாக்டரின் தாத்தா பெயர் கடைசியில், வந்திருந்தவர்கள் பட்டியலில் ஒன்பதாவது.

அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். பிழைதிருத்தி அதை ஏற்கவில்லை.

"வரலாற்றுல எல்லாத்தையும் எழுதணும். இவர் வெட்டினதையும், நீங்க ஒரு தாளைச் செஞ்சு வெச்சதையும். ஒண்ணை விட்டுட்டு ஒண்ணை எழுதினா இதுவும் போலிதான்."

"அப்பா பேரு கல்லுல. என் பேரு புத்தகத்துல, பொய்க்காரின்னு. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

அம்மாள் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டார். "எழுதுங்க. கல்லு வெட்டுறவருக்கு இப்பவே போன் போடுங்க."