இடப்பக்கத்துப் பாரம்

கற்களையெல்லாம் இறக்கிப் போட்ட பிறகும் ஜீப் இடப்பக்கமாகவே சாய்ந்து நின்றது.

லெபோனா குனிந்து ஸ்பிரிங் பட்டைகளைப் பார்த்தான். முறிவில்லை. டயர்களிலும் கோளாறில்லை; மலையேறுமுன் அவனே நாலிலும் காற்றை ஒரே அளவாக இறக்கியிருந்தான். நிற்கிற தரையும் சமம்தான். ஆனாலும் இடது சக்கரத்துக்கு மேலே தகடு ஒரு கையகலம் தாழ்ந்திருந்தது, கனத்த ஆள் ஒருத்தன் ஏறி நின்றால் தாழுமே, அந்த அளவுக்கு. எத்தனையோ வருஷமாக இந்த வண்டியோடு மாரடிக்கிறவன் அவன். அது எப்போது எவ்வளவு சுமக்கிறது என்பது அவன் முதுகெலும்புக்கே தெரியும்.

"என்னண்ணே பாக்குற?" பின்சீட்டில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்த தங்கை கெனுவே கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. நீ மூச்சை நல்லா இழுத்து விடு."

"நான் மூச்சைத்தான் விட்டுட்டிருக்கேன். நீ வண்டியை விடு."

அவளுக்குக் காலையிலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. பிள்ளை தலை திரும்பாமல் கிடந்தது. இருட்டுவதற்குள் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் தாயும் தங்கமாட்டாள், பிள்ளையும் தங்காது என்று மருத்துவச்சி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். புருஷன்காரன் எல்லைக்கு அந்தப் பக்கம் சுரங்கத்தில் இருந்தான். ஊர் ஆண்கள் மொத்தப் பேரும் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்க மலைக்கு அப்பால் கொட்டகைக்குப் போயிருந்தார்கள்.

ஆண்கள் இல்லாததுதான் வினையாகப் போயிற்று. கணவாயில் ஓரிடத்தில் பாதை பள்ளத்தைப் பார்த்துச் சரிந்து கிடக்கும். அங்கே வந்ததும் இரண்டு மூன்று பேர் இறங்கி, மேட்டுப்பக்கமான இடப்பக்கத்து வண்டிப்படியில் ஏறி நின்று, உடம்பை வெளியே தள்ளித் தொங்குவார்கள். அந்தப் பாரம் இருந்தால்தான் வண்டி கவிழாமல் கடக்கும். செயிசோ என்று ஒருத்தன் இந்தத் தொங்கலில் பேர் போனவன். சில வருஷம் முன்பு கம்பளி ஏற்றிய லாரி ஒன்றுக்குத் தொங்கியபோது கால் வழுக்கி, சக்கரத்தடியில் போய், அப்படியே பள்ளத்தில் உருண்டான். உடம்புகூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அந்த இடத்தைக் கடக்கிற ஒவ்வொருத்தரும் அவனுக்காக ஒரு கல் வைத்துவிட்டுப் போவார்கள். குவியல் இடுப்புயரம் வளர்ந்திருந்தது.

வைக்கலாம், எடுக்கக் கூடாது. அதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. எடுக்கிற அவசியம் யாருக்கும் வந்ததுமில்லை.

இன்றைக்கு வந்தது. கைக்கு அடங்குகிற கல்லெல்லாம் எப்போதோ அந்தக் குவியலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மிச்சமிருந்தது வெறும் பாறை. பின்னால் தங்கை பல்லைக் கடித்து முனகிக்கொண்டிருந்தாள். வேறு என்ன செய்வான்? "கோவிச்சுக்காத செயிசோ, தங்கச்சிக்காகத்தான்" என்று முணுமுணுத்தபடி அள்ளி, முன்சீட்டின் இடப்பக்கமும் அதன் அடியிலும் அடுக்கினான். தடத்தை ஒருமுறை நடந்து மிதித்துப் பார்த்தான். சின்ன கியரில் போட்டு, பிரேக்கைத் தொடாமல், சறுக்கினால் பள்ளத்துப் பக்கமே ஒடிக்கணும், பயந்து மேட்டுக்கு ஒடிச்சா செத்தோம் என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஊர்ந்தான். பாதியில் இடது சக்கரம் தரையை விட்டு எழும்பியது. எழும்பிய சக்கரம் அந்தரத்தில் ஒரு நொடி நின்று, தானாகவே கீழே அமுங்கியது. அப்போது அதைக் கடவுள் புண்ணியம் என்றுதான் நினைத்தான்.

கடந்த பிறகு கற்களைக் கொண்டுபோய்த் திரும்ப வைக்க நேரமில்லை. பாதையோரமாகத் தள்ளிவிட்டான்.

இப்போது ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான். பாழாய்ப்போன மூடுபனி பள்ளத்திலிருந்து மேலேறி வந்து கண்ணாடியில் வழிந்தது. ஸ்டீயரிங் இடப்பக்கமே இழுத்தது. வண்டிக்குள் ஈரக் கம்பளியின் வாடை. தங்கை போர்த்தியிருப்பதுதான் என்று முதலில் எண்ணினான், ஆனால் அவளுடையது காய்ந்த கம்பளி, இது பல மழையில் நனைந்து மக்கி, ஆட்டுக்கொழுப்பும் மண்ணும் கலந்து புளித்துப்போன வாடை, அதுவும் இடப்பக்கத்து ஜன்னல் இடுக்கு வழியாகவே வந்துகொண்டிருந்தது. இடது வளைவு ஒன்று வந்தது. வளைவில் வண்டி வலப்பக்கம் சாயவேண்டும். சாயவில்லை. படியின் இரும்பு கிறீச்சென்றது. கொஞ்சம் பொறுத்து, மறுபடி கிறீச். நின்று நின்று கால் வலித்தவன் கால் மாற்றிக்கொள்கிற சத்தம் அது. ஆயிரம் தடவை கேட்ட சத்தம்தான்.

இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கவே கூடாது என்று முடிவு செய்தான். பார்த்தான். பனி மட்டும்தான் தெரிந்தது.

"செயிசோ," என்றான் மெதுவாக. "வேலை முடிஞ்சுது. இறங்கிக்கப்பா."

"யாருகிட்ட பேசுற?"

"வண்டிகிட்ட."

"கிறுக்கு முத்திடுச்சு உனக்கு," என்று சிரிக்கப் பார்த்தாள் கெனுவே. வலி வந்து சிரிப்பை அறுத்தது.

இறக்கம் தொடங்கியது. அப்போதுதான் படி ஓய்ந்தது. கிறீச் இல்லை. ஸ்டீயரிங் நேரானது. லெபோனா பெருமூச்சு விட்டான், விட்ட மூச்சு பாதியில் நின்றது. முன்பக்கம் இலேசாகிக்கொண்டிருந்தது. பின்பக்கம் இறங்கியது. மெதுவாக. பட்டைகள் ஒவ்வொன்றாக முனகின. இறக்கத்தில் போகிற வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு போனது.

"அண்ணே."

"ம்."

"வழியில யாரையாவது ஏத்துனியா?"

அவன் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டான்.

"கால்மாட்டுல இடமே இல்ல. நெருக்குது."

"கண்ணை மூடிக்க, கெனுவே."

"இருட்டா இருக்கு. மூடினாலும் ஒண்ணுதான்."

வெளியே இன்னும் பகல். அவன் திரும்பவில்லை. தங்கையைக் காப்பாற்று என்று யாரை வேண்டுவது என்றும் தெரியவில்லை. பாதையைப் பார்த்தான். கல். சேறு. வளைவு. பிரேக்கை மிதிக்காதே. இரண்டாவது கியர். பின்னால் முனகல் நின்றிருந்தது.

"கெனுவே?"

ஹாரனை ஒரு தடவை அழுத்தினான்.

"கெனுவே!"

"வலி நின்னுபோச்சுண்ணே," என்றாள் தூக்கக் குரலில். "ரொம்பக் கனமா இருக்கு."

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு இரண்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். தூக்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. "என்னத்தைத்தான் தின்னா உன் தங்கச்சி?" என்று ஒருத்தன் திணறினான். மேலும் இரண்டு பேர் வந்தார்கள். நாலு பேருமாக அவளை உள்ளே கொண்டுபோன நிமிஷம், அவன் கண்ணெதிரே ஜீப் மெல்ல நிமிர்ந்து, நாலு சக்கரத்திலும் சமமாக நின்றது.

செயிசோ போய்விட்டான் என்று லெபோனா ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். சாகவேண்டியவளைக் கொண்டுவந்து சேர்த்தாயிற்று. நாளைக்கே போய் அத்தனை கல்லையும் எடுத்த இடத்தில் வைத்துவிடுவது. இன்னும் கூடுதலாகவும் வைப்பது.

உள்ளே குழந்தை அழுதது. ஒரே ஒரு தடவை.

வெகுநேரம் கழித்து, பிரசவம் பார்த்த லிம்போ நர்சம்மா கதவை விலக்கி எட்டிப் பார்த்தாள். "ஆம்பளப் புள்ள. உன் தங்கச்சி நல்லாருக்கா." நல்ல சேதி சொல்கிற முகமாக அது இல்லை. "கொஞ்சம் உள்ள வா. ஒரு கை பிடிக்கணும்."

கட்டிலில் கெனுவே வெளுத்துக் கிடந்தாள். உயிரோடுதான் இருந்தாள். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, "எம்புள்ளயக் குடுங்க," என்றாள். "ஏன் இவ்வளவு நேரம்? குடுங்க."

குழந்தை எடை பார்க்கிற தராசுத் தட்டில் கிடந்தது. கைப்பிடி உடம்பு. எலும்பும் தோலுமாக, எல்லாக் குழந்தைகளையும் போலச் சிவப்பாக இருந்தது. தட்டில் வைத்த பிறகும் கனம் ஏறிக்கொண்டே போனதாம்; தராசின் முள் கடைசிக் கோட்டைத் தாண்டி மூலையில் ஒடுங்கி நின்றது.

நர்சம்மா ஒரு பக்கம் கை கொடுத்தாள். லெபோனா மறுபக்கம் கொடுத்தான். இருவரும் மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். குழந்தை அசையவில்லை. மேஜையின் கால்கள் இலேசாக வெடிக்கிற சத்தம் கேட்டது. குழந்தையின் தோலிலிருந்து ஈரக் கம்பளி வாடை வந்தது.

"அண்ணே," என்றாள் கெனுவே, நீட்டிய கையை மடக்காமல். "என்கிட்ட குடு. என் நெஞ்சு மேல வை."