பின் சில்லில் நூற்று நாற்பது கிராம்

"ஐயோ... என்ர நெஞ்சு!"

அந்த அலறலில் உட்துறைமுக வீதி ஒரு கணம் நின்று போனது.

எதிர்க்கடையில் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தவர் கிளாஸைக் கை நழுவ விட்டார்.

கொலையா?

இல்லை. விலை!

நிஸா டயர் கடையின் பிளாஸ்டிக் கதிரையில் பாக்கியரத்தினம் முதலாளி சரிந்து கிடந்தார். மூச்சு இருந்தது. கையில் விலைச் சீட்டும் இருந்தது.

"பிள்ளை... நான் கேட்டது நாலு டயர். நீங்க சொன்னது நாலு காரின்ர விலை!"

"முதலாளி வாங்கி வச்சிருக்கிறது ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். மாட்டு வண்டில் இல்லையே!"

சொன்னவள் நஜ்முன் நிஸா. கடையின் சொந்தக்காரி. டயரைக் கழற்றுவதிலும் வாடிக்கையாளரின் வாயை அடைப்பதிலும் பதினைந்து வருட அனுபவம். இன்றைக்கும் கிண்டல் நாக்கில்தான் இருந்தது. மனம் மட்டும் பொலிஸ் நிலையத்தில் இருந்தது.

காரணம், கதிரையில் சரிந்து கிடந்த இதே மனிதர்!

காலை எட்டு மணிக்கு அவளுடைய தம்பி நஸ்ரியைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. நஸ்ரி, பாக்கியரத்தினத்தின் சாரதி. முதலாளி வீட்டு அலுமாரியில் இருந்த பன்னிரண்டு பவுண் அட்டியலைக் காணவில்லை. வெளி ஆட்களில் அந்த வீட்டுக்குள் புழங்குகிறவன் நஸ்ரி ஒருவன்தான். முறைப்பாடு கொடுத்தவர் முதலாளி.

இரண்டு மணிக்கு நீதிமன்றம்.

வழக்கு பதிவானால் பொலிஸ் நற்சான்றிதழ் கிடைக்காது. அது இல்லாமல் கட்டார் வேலை இல்லை. அடுத்த மாதம் விமானம் ஏற வேண்டியவன்... விளக்கமறியல் சிறைக்குள்!

நிஸாவின் புருசன் நௌபர், சட்டத்தரணியைக் கூட்டிவரக் கிண்ணியாவுக்கு ஓடியிருந்தான். ஓடின அவசரத்தில் கைபேசியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான்.

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றரை.

"முதலாளி... என்ர தம்பி ஒரு ஆணியக்கூடத் தொடமாட்டான். அந்த முறைப்பாட்ட வாபஸ் வாங்குங்களன்."

"களவு வேற, கடை வேற பிள்ளை! வெள்ளிக்கிழமை கொழும்பில இருந்து இறால் வாங்கிற ஆக்கள் வருகினம். அவையள இந்தக் கார்லதான் ஏத்தவேணும். டயர் மொட்டை. பாத்தா சிரிப்பினம். டயரக் காட்டுங்க!"

"இவ்வளவு நாளும் ஏன் மாத்தேல்ல?"

"காசு வேணுமே? இண்டைக்குக் காலமைதான் படகு எஞ்சின் ஒண்ட வித்தனான்."

நிஸா பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு டயர்களை உருட்டி வந்தாள். கதையை நீட்டினால் மனம் இளகும் என்று ஒரு நப்பாசை.

"இது பந்தயக் கார் சாதி. மணிக்கு முந்நூறு கிலோமீற்றர் தாங்கும்."

"இதுதான் வேணும்!"

"எங்க ஓடப் போறீங்க? கோட்டையடியில மான் குறுக்க நிக்கும். நிலாவெளி ரோட்டில மாடு படுத்திருக்கும். முந்நூறில மிதிச்சா ரெண்டு நிமிசத்தில கடலுக்குள்ளதான் நிப்பீங்க."

"அப்ப மற்றது?"

"சத்தம் கேக்காது. மழைக்கு வழுக்காது. ஆனா சாதாரண டயர். உங்கட கார்ல ஸ்பெயார் சில்லு இல்லை, தெரியுமா?"

"இல்லையா?" முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னை ஏமாத்திப்போட்டாங்களா?"

"இப்ப கிடக்கிறது ரன்-ஃப்ளாட் டயர். காத்துப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடும். அதால ஸ்பெயார் குடுக்கிறேல்ல. சாதாரண டயரப் போட்டுட்டு, மனுசியக் கூப்பிடக் கட்டைபறிச்சானுக்குப் போற வழியில காத்துப் போச்செண்டு வையுங்க... முதலாளி சில்லத் தலையில வச்சுக்கொண்டுதான் நடக்கவேணும்!"

"அப்ப ரன்-ஃப்ளாட்டே போடுங்க. ஆனா பிள்ளை... வேற கடையில குறையும்தானே?"

"குறையும். கழட்டத்தான் ஏலாது. இதின்ர பக்கம் அவ்வளவு இறுக்கம். இதக் கழட்டிற மெஷின் முழுத் திருகோணமலையிலயும் ஒண்டே ஒண்டுதான். அதுவும் இஞ்சதான் இருக்கு!"

பெருமையாகத்தான் சொன்னாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் அந்தப் பெருமை தன் கழுத்தையே பிடிக்கும் என்று பாவம், அவளுக்குத் தெரியாது!

ட்ரிங்... ட்ரிங்...

மேசையில் நௌபரின் கைபேசி துடித்தது. திரையில் ஒரு பெயர்.

'மங்கை அக்கா.'

நிஸாவின் புருவம் உயர்ந்தது. காலையிலிருந்து இது ஆறாவது தடவை. அவள் எடுத்து "ஹலோ" என்றதும்... டக்! மறுமுனை துண்டித்தது. ஆறு தடவையும் அப்படித்தான்.

மங்கை அக்கா என்கிற மங்கையர்க்கரசி யார்? இதோ, கதிரையில் இருக்கிற முதலாளியின் மனைவி! தமக்கையைப் பார்க்கக் கட்டைபறிச்சானுக்குப் போய் இரண்டு நாளாகிறது.

அவவுக்கும் தன் புருசனுக்கும் அப்படி என்ன கதை?  புருசன் விசாரணையை நிஸா பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டாள்.

"முதலாளி, நகை காணாமப் போனது உங்கட வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

பாக்கியரத்தினம் துள்ளி எழுந்தார்.

"வேணாம்! அவவுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேங்க! அவவுக்கு... பிரஷர்!"

பிரஷர் இருப்பது மாதிரித் தெரிந்தது அவருக்குத்தான். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

கார் மேலே எழும்பியது. நிஸா பின் இடது சில்லைக் கழற்றி உருட்டினாள். உள்பக்கம் திரும்பியது...

அவளுடைய கை நின்றது.

சில்லு ஆடாமல் ஓடுவதற்காக விளிம்பின் உள்ளே சின்னச் சின்ன ஈயக் கட்டிகளை ஒட்டுவார்கள். இரண்டு ஒட்டுவார்கள். மிஞ்சினால் மூன்று.

இங்கே பதினான்கு!

ஒவ்வொன்றும் பத்துக் கிராம். மொத்தம் நூற்று நாற்பது!

ஒரு பக்கத்தில் இவ்வளவு பாரம் ஒட்டினால் மறுபக்கத்தில், டயருக்கு உள்ளே, ஏதோ பாரமாக இருக்கிறது. அவள் மனம் கணக்குப் போட்டது. பன்னிரண்டு பவுண் தொண்ணூற்றாறு கிராம். சுற்றின துணி. ஒட்டின ரப்பர். ஈயம் கொஞ்சம் கூடத்தான் பிடிக்கும்...

அல்லாஹ்வே! கணக்கு வருகிறது!

அப்போ முதலாளியே ஒளித்து வைத்துவிட்டு, பழியைத் தம்பியின் தலையில் போட்டிருக்கிறார்!

நிஸா சத்தமில்லாமல் பின்பக்கம் போய் இன்ஸ்பெக்டர் அபூதாஹிருக்கு அழைத்தாள்.

"சேர், அட்டியல் எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியும். நீங்க வந்து நிண்டாத்தான் திறப்பன்."

பத்து நிமிடத்தில் ஜீப் வந்தது. முதலில் வயிறும் அதன் பின்னால் இன்ஸ்பெக்டரும் இறங்கினார்கள்.

"எங்க இருக்கு, தங்கச்சி?"

"இந்தச் சில்லுக்குள்ள, சேர்!"

"சில்லுக்குள்ளயா?" பாக்கியரத்தினம் வாயைப் பிளந்தார்.

மெஷின் முனகியது. டயர் முரண்டு பிடித்தது. பிறகு 'டொப்' என்று ஒரு சத்தத்தோடு விளிம்பை விட்டு வந்தது. நிஸா உள்ளே கையை விட்டாள். பஞ்சர் ஒட்டுகிற ரப்பர்த் துண்டுக்குள் ஒரு சிவப்புப் பட்டுப் பொட்டலம்!

பிரித்தாள்.

பளீர்!

"பாத்தீங்களா சேர்! முதலாளி தானே ஒளிச்சு வச்சிட்டு என்ர தம்பியப் பிடிச்சுக் குடுத்திருக்கிறார்!"

ஆனால் முதலாளி ஓடவில்லை. நடுங்கவும் இல்லை. மெதுவாக நிமிர்ந்தார். விரலை நீட்டினார்.

"இன்ஸ்பெக்டர்! இந்த டயரக் கழட்டிற மெஷின் முழுத் திருகோணமலையிலயும் எத்தினை இருக்கெண்டு அவவிட்டக் கேளுங்க!"

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"எத்தினை?"

"ஒண்டு..."

"எங்க?"

நிஸா மெஷினைப் பார்த்தாள். "இஞ்ச..."

"சாரதி உங்கட தம்பி. மெஷின் உங்கட. தங்கச்சி, நீங்க என்னைக் கூப்பிட்டது தம்பிய வெளியில எடுக்கவா? இல்ல, உள்ளுக்கு அவனுக்குத் துணைக்குப் போகவா?"

 நிஸாவுக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. தம்பியைக் காப்பாற்றக் கூப்பிட்ட பொலிஸிடம், தன் வாயாலேயே அவனை மாட்டிக் கொடுத்துவிட்டாளே! உம்மா கேட்டால் என்ன சொல்வாள்?

ட்ரிங்... ட்ரிங்...

'மங்கை அக்கா.' ஏழாவது தடவை!

"எடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "ஸ்பீக்கர்ல போடுங்க. நீங்க ஒண்டும் கதைக்கவேணாம்."

"ஹலோ, நௌபர் தம்பியா?" மூச்சு வாங்குகிற குரல். "ஏன் பேசாம நிக்கிறீங்க? நஸ்ரியப் பிடிச்சிட்டாங்களெண்டு கேள்விப்பட்டதில இருந்து அடிக்கிறன்! ஒவ்வொரு தரமும் நிஸா எடுக்கிறா, அவவுக்கு எந்த முகத்தோட சொல்லுறது? ஓட்டோவில வந்துகொண்டிருக்கிறன். கிண்ணியாப் பாலம் தாண்டியாச்சு. அண்டைக்குப் பின் சில்லுக்குள்ள வச்சுத் தந்தீங்களே ஒரு தகடு, அத உடன எடுங்க. அது மந்திரிச்ச தகடு இல்லத் தம்பி... என்ர அட்டியல்! அதக் கொண்டு நேரப் பொலிசுக்குப் போவம்!"

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"அம்மா... பொலிஸ்தான் கதைக்கிறன்."

இந்த முறை மறுமுனை துண்டிக்கவில்லை.

"அப்ப இன்னும் நல்லது சேர். எழுதுங்க!"

"சொல்லுங்க."

"என்ர மனுசன் அட்டியல வித்துக் காருக்கு டயர் வாங்கப் பாத்தவர். நித்திரையில புலம்பினவர் சேர், நான் காதால கேட்டனான். அலுமாரியில வச்சா எடுப்பார். குசினியில வச்சாலும் தேடிப் பிடிப்பார். அதான் யோசிச்சனான். அட்டியல் இல்லாட்டி டயர் வாங்கக் காசில்லை. டயர் வாங்காட்டிச் சில்லக் கழட்ட மாட்டார். இதவிட நல்ல பூட்டு எங்கயாவது இருக்கா சேர்?"

நல்ல பூட்டுத்தான். படகு எஞ்சினைத்தான் அவ கணக்கில் எடுக்கவில்லை!

"எப்ப வச்சீங்க?"

"போன சனிக்கிழமை. இவர் கொழும்புக்குப் போயிட்டார். நஸ்ரியும் நிஸாவும் மூதூரில கலியாண வீட்டில. நான் தனியாத்தான் காரை ஓட்டிக்கொண்டு போனனான். கோயில்ல மந்திரிச்ச தகடு, காருக்குக் கண்ணூறு படாது, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ எண்டு சொல்லிக் குடுத்தனான். நௌபர் தம்பி பாவம், அவர் பிரிச்சும் பாக்கேல்ல."

"மங்கை!" பாக்கியரத்தினம் கத்தினார். "உமக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"

"ஓ... நீங்களும் அங்கதான் நிக்கிறீங்களா? தெரியும். நீங்க மத்தியானம் நித்திரை கொள்ளுற நேரத்தில பழகினனான்!"

நிஸாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தகடாம்! அதைச் சொன்னால் நிஸா தன்னைக் கிழித்துத் தொங்கவிடுவாள் என்று பயந்துதான் நௌபர் வாயே திறக்கவில்லை. வரட்டும் அந்த மனுசன்!

இன்ஸ்பெக்டர் மெதுவாக முதலாளியின் பக்கம் திரும்பினார்.

"முதலாளி, எனக்கொரு சின்னச் சந்தேகம். அட்டியல் காணேல்லயெண்டு கண்டுபிடிச்சது நீங்கதானே?"

"ஓம்..."

"மனுசி ஊரில இல்லை. மனுசியின்ர அலுமாரிக்குள்ள நீங்க என்ன தேடினீங்க?"

"என்ர... சட்டை..."

"சாரி அலுமாரிக்குள்ளயா?"

முதலாளி மறுபடியும் கதிரையில் சரிந்தார். இந்த முறை அலறவில்லை.

"இருபது வருசமாக் கள்ளரப் பிடிக்கிறன்," என்றார் இன்ஸ்பெக்டர். "களவெடுக்கப் போன இடத்தில சாமானில்லையெண்டு பொலிசில வந்து அழுத கள்ளனை இண்டைக்குத்தான் பாக்கிறன். எழும்புங்க! முறைப்பாட்ட வாபஸ் வாங்கி, அந்தப் பொடியனிட்ட மன்னிப்புக் கேட்டு, நீங்களே கையோட கூட்டிக்கொண்டு வாங்க."

"என்ர கார்..."

"அதுக்குச் சில்லில்லை. ஓட்டோ பிடியுங்க!"

ஒன்றேகாலுக்கு அந்த ஓட்டோ திரும்பி வந்தது. நஸ்ரி முதலில் குதித்தான்.

"ராத்தா!"

நிஸா கிரீஸ் கையோடு தம்பியைக் கட்டிப்பிடித்தாள். அவனுடைய வெள்ளைச் சட்டையில் பத்து விரலும் பதிந்தன. நஸ்ரி அதைப் பார்த்துச் சிரித்தான், கண்ணைத் துடைத்தான், பிறகும் சிரித்தான்.

"வழக்கில்ல ராத்தா. கட்டாருக்கும் ஒரு தடையுமில்ல. முதலாளி எல்லாற்ற முன்னுக்கும் மன்னிப்புக் கேட்டவர்."

"ரெண்டு தரம் கேட்டனான்," என்றார் முதலாளி ஈனக் குரலில்.

"மூண்டாந்தரம் என்னட்டக் கேளுங்க!" ஓட்டோவில் வந்து முன்பே காத்திருந்த மங்கையர்க்கரசி, அட்டியலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காரின் சாரதி ஆசனத்தில் ஏறி அமர்ந்தா. "நஸ்ரி தம்பி, என்னையும் மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் ஒளிச்சு வச்சதாலதானே உங்களுக்கு இந்தக் கரைச்சல். கட்டாருக்குப் போற டிக்கெட் என்ர பொறுப்பு. இனி இந்தக் காரை நான்தான் ஓட்டுவன். இவர் பின்னுக்கு இருக்கட்டும்."

அந்த நேரம் பார்த்து நௌபர் கிண்ணியாவிலிருந்து சட்டத்தரணியோடு வந்து இறங்கினான். வழக்கு இல்லையென்று தெரிந்ததும் சட்டத்தரணியின் முகம் வாடியது. மனைவியின் பார்வையைக் கண்டதும் நௌபரின் முகம் அதைவிட வாடியது.

"தகடா?" என்றாள் நிஸா.

"நிஸா... அது வந்து..."

"ராவைக்குக் கதைப்பம். இப்ப சில்லப் பிடியுங்க!"

மூன்று புது டயர்கள் ஏறிவிட்டன. நான்காவது, பின் இடது சில்லு. நிஸா டயரை விளிம்பில் வைத்து, மெஷினின் மிதியில் காலை வைத்தவள், நிமிர்ந்து பார்த்தாள்.

"மங்கை அக்கா, மூடப் போறன். உள்ளுக்கு வைக்கிறதுக்கு வேற ஏதும் இருக்கெண்டா இப்பவே சொல்லுங்க."

மங்கையர்க்கரசி திரும்பி, பின் ஆசனத்தில் ஒடுங்கி இருந்த புருசனை மேலிருந்து கீழ்வரை பார்த்தா.

"இவரை வைக்க இடமிருக்குமா?"

"இடமிருக்கு அக்கா... ஆனா எவ்வளவு ஈயம் ஒட்டினாலும் பேலன்ஸ் வராது!"