தேக்குச் சட்டத்தில் ஒரு கீறல்

"யாரைக் கேட்டு இதுல உளி வெச்சீங்க?"

ரக்ஷிதாவின் குரலில் சரக்குக் கொட்டகைக்குள் வேலை அப்படியே நின்றது. உளியும் கையுமாக இருந்தவன் நிமிர்ந்தான். அடடா... என்ன கண்கள்! கொஞ்சமும் பதறாத, லேசாகச் சிரிக்கிற கண்கள். கோபமாக வந்தவளுக்கு அதுவே இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

வடமாலபேட்டை பக்கத்துச் சின்ன ஸ்டேஷனில், நூறு வயது தாண்டிய ரயில்வே கொட்டகை அது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கான வாசிப்புக்கூடமாக அதை மாற்றுவது அவள் பொறுப்பு. ஆர்க்கிடெக்ட் ஆன பிறகு தனியாகக் கிடைத்த முதல் வேலை. கூரையின் தேக்குச் சட்டங்களை இறக்கிப் பழுது பார்த்து, அதே இடத்தில் மாட்ட வேண்டும். திங்கட்கிழமை அதிகாரிகள் வருவதற்குள் முடியாவிட்டால் தகர ஷீட் போட்டுவிடுவார்கள். எது எந்த இடத்துக்கு என்று தெரியவே ஒவ்வொரு சட்டத்திலும் சாக்பீஸால் எண் எழுதியிருந்தாள். காலையில் திருப்பதி ஆபீஸுக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள் இவன் உளியால் கீறி வைத்திருக்கிறான்...

மேஸ்திரி பழனி குறுக்கே வந்து சமாதானம் சொன்னார். பேர் தமிழரசு, நகரிப் பக்கத்துத் தச்சராம். திருப்பதிக்கு வேலைக்குப் போகும் வழியில் தண்ணீர் பிடிக்க இறங்கி, ரயிலைத் தவறவிட்டவராம். ஆள் குறைவாக இருக்கிறதே என்று சும்மா கை கொடுக்க வந்தாராம்.

"நூறு வருஷத்துத் தேக்குங்க. கிச்சன் கப்போர்டுன்னு நெனச்சீங்களா?" என்றாள் அவள்.

அவன் முகம் வாடியது. உளியைத் துடைத்துப் பையில் போட்டான். "சாக்பீஸ நம்பிக்கினு இருக்காதீங்க மேடம்," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ரயிலில் ஏறிவிட்டான்.

சாயங்காலமே மழை கொட்டியது. தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு பறக்க, நாற்பத்தெட்டுச் சட்டங்களில் ஓர் எண்கூட மிஞ்சவில்லை. போட்டோ இருந்தது. ஆனால் பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி. கையால் இழைத்த மூட்டுகள் என்பதால் ஒன்றின் ஜோடி இன்னொன்றுக்குச் சேராது. ரக்ஷிதா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு சட்டத்தைப் புரட்டியபோதுதான் விரலில் தட்டுப்பட்டது... மூட்டின் உள்பக்கத்தில், மாட்டிய பிறகு வெளியே தெரியாத இடத்தில், நகத்தளவில் மூன்று கீறல். அதன் ஜோடியிலும் அதே மூன்று; அடுத்த ஜோடியில் இரண்டிலும் நான்கு. எத்தனை பதமாக, மரத்துக்கு வலிக்காமல் கீறியிருக்கிறான்! இவனையா அத்தனை பேர் முன்னால் திட்டினோம்? சில சட்டங்களில் கீறலோடு ஒரு சின்னப் பிறையும் இருந்தது. அதன் அர்த்தம் பழனிக்கும் புரியவில்லை.

போன் நம்பர் கிடையாது. தினமும் காலையில் அவன் வேலைக்குப் போகிற ரயில் எது என்று மட்டும்தான் பழனிக்குத் தெரியும். மறுநாள் காலை, வீம்பையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, தூறலில் குடையோடு பிளாட்பாரத்தில் நின்றாள். ரயில் வந்தது. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தாள். இல்லை... இல்லை... கடைசிப் பெட்டியின் வாசலில் அவன்!

"தப்பு என் மேலதான். மன்னிச்சிடுங்க," என்றாள் மூச்சிரைக்க. "கொஞ்சம் எறங்குவீங்களா?"

"கிச்சன் கப்போர்டு செய்றவன்கிட்டயா கேக்கறீங்க?"

கேட்டுக்கொண்டே இறங்கிவிட்டான். பிறை போட்டது பிளாட்பாரப் பக்கம், போடாதது ரோட்டுப் பக்கம் என்றான். அவ்வளவுதான்... அதன் பிறகு சட்டங்கள் தாமாகவே தங்கள் இடம் தேடிப் போவதுபோல ஏறின.

ஞாயிறு மத்தியானம் கடைசிச் சட்டம் மட்டும் பாக்கி. மேலே பார்த்தபோது ரக்ஷிதாவுக்குப் பெருமையில் கண் நிறைந்தது. அந்தப் பெருமையில் பாதி, பக்கத்தில் நிற்பவனைப் பற்றியது.

"என்னால உங்க வேலை கெட்டுப்போச்சு. அன்னிக்கு வேற ரயில் தவறிடுச்சு..."

"அன்னிக்கி தவறல மேடம்."

அவள் திரும்பினாள்.

"ஆறு மாசமா இந்த வழியா போய்க்கினு வரேன். மொதல்ல ஜன்னல்லேர்ந்து இந்தக் கொட்டகையத்தான் பாப்பேன். அப்பறம் மஞ்ச ஹெல்மெட் போட்டுக்கினு நீங்க வந்தீங்க... கொட்டகை கண்ணுல படவே இல்ல. அன்னிக்கி தண்ணி புடிக்க எறங்கல. உங்களப் பாக்கத்தான் எறங்கினேன்."

வெளியே மறுபடி தூறல். அவள் அவன் கையிலிருந்த உளியை வாங்கி, கடைசிச் சட்டத்தின் மூட்டுக்குள், அருகருகே இரண்டு சின்னக் கீறல் போட்டாள்.

"நூறு வருஷத்துத் தேக்குங்க," என்றான் அவன், மெல்ல.

"மாட்டிட்டா வெளியில தெரியாது." அவள் கன்னம் சிவந்திருந்தது. "எனக்கும் உங்களப் புடிச்சிருக்கு. நாளைக்கும் எறங்கிடுங்க... மேடம்னு மட்டும் கூப்பிடாதீங்க."