கை பட்டால் அடங்கும்

அடுப்படியில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த தியாகுவுக்கு, ஹாலில் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் நின்றுபோனது உடனே உறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நான்கு மணி. மலாக்காவின் காஜா பேராங் பகுதித் தகரக் கூரைகளை அடித்து நொறுக்கிவிட்டு மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. தாழ்வாரத்தில் நீர் சொட்டும் சத்தம், ஈரப் பலகையின் புளித்த வாடை, பக்கத்து வீட்டில் கருவாடு பொரியும் மணம், இவற்றுக்கெல்லாம் அடியில் மரத்தை வண்டு குடைவதுபோல் அவனுடைய ஆம்ப்ளிஃபயர் இரைந்துகொண்டே இருந்தது. அது மட்டும் வெட்டினாற்போல் நின்றது.

“ஜெயா, கிட்டார் கம்பியத் தொடாத. சுருதி கலைஞ்சிடும்” என்று குரல் கொடுத்தான்.

“நான் எங்க தொட்டேன்? இங்க துணி காயப் போட்டுக்கிட்டு இருக்கேன்.”

மனைவியின் குரல் கொல்லைப்புறத்திலிருந்து வந்தது. அவளுக்கு ஏழு மாதம், மெல்லத்தான் நடப்பாள். வீட்டில் வேறு ஆள் கிடையாது. கோப்பையை வைத்துவிட்டு அவன் திரும்புவதற்குள் இரைச்சல் மறுபடி எழுந்தது.

தியாகு பெண்டஹாரா சாலைக் கடையொன்றில் ரேடியோ பழுதுபார்ப்பவன். கழித்துப்போட்ட வால்வுகளைக் கொண்டு அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியை அவனே கட்டினான். கிட்டாரைச் செருகினால் இரையும். கம்பியில் மனிதக் கை பட்டால் அடங்கும். கையை எடுத்தால் மீண்டும் இரையும். மின்சாரமும் உடம்பும் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு அது, அதில் பேயுமில்லை பிசாசுமில்லை. இருந்தாலும் போய்ப் பார்த்தான். ஜன்னல்கள் மழைக்குச் சாத்தியபடியே இருந்தன. கிட்டார் நாற்காலியில் சாய்ந்திருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே கேலி செய்துகொண்டு, அதை எடுத்து மடியில் வைத்தான்.

வைத்தால் இறக்கி வைக்க மனம் வராத கிட்டார் அது. மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்த இந்த ஐந்து வருடத்தில் மலாக்காவில் தெருவுக்கு ஒரு பேண்டு முளைத்துவிட்டது. ஆனால் எல்லாருக்கும் முன்னால் நின்று வாசிக்கத்தான் ஆசை. பின்னால் நின்று நாலு கம்பியில் தரையை அதிர வைக்கும் பாஸ் கிட்டார் மேல் பித்துப் பிடித்தவன் ஊருக்குள் தியாகு ஒருவன்தான். இசைத்தட்டு சுழலும்போது பாட்டை விட்டுவிட்டு அடியில் ஓடும் பாஸை மட்டும் கேட்பான். சிங்கப்பூர் நடன அரங்குகளில் வாசித்த கணேசமூர்த்தி என்பவர், அமெரிக்கக் கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கிய பழைய கிட்டார் இது. நடுவில் தேன் மஞ்சள், ஓரம் போகப் போகக் கருப்பு. மூன்று வாரத்துக்கு முன் உஜோங் பாசிர் வீட்டில், இதை மடியில் வைத்தபடியே அவர் மூச்சு நின்றுவிட்டது. சேதி கேட்டுத் துக்கம் விசாரிக்கப் போன தியாகு, வெட்கத்தை விட்டு அவர் மனைவி சாரதாம்பாளிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டான். ஆசை வெட்கமறியாது.

பட்டைக் கம்பி சுற்றிய அந்த நாலு தந்திகளைக் கணேசமூர்த்தி ஒருநாளும் மாற்றியதில்லை. அவர் விரல் வியர்வையும் எண்ணெயும் ஊறி ஊறி அவை கருத்திருந்தன. அந்தக் கருப்பில்தான் நாதமே இருந்தது. புதுத் தந்தி ‘டங்’கென்று கத்தும், இது ‘தும்’மென்று, காதில் விழுவதற்கு முன்னால் அடிவயிற்றில் விழும். சந்தோஷத்தில் தியாகுவுக்குக் கண் கலங்கும்.

விளக்கு வைத்துவிட்டு ஜெயா வந்து சுவரோரம் நின்றாள்.

“என்னங்க, நேத்தும் அந்த இரைச்சல் இப்படித்தான் தானா நின்னுச்சு. நீங்க கடைக்குப் போயிருந்தீங்க.”

“பெட்டிய அணைக்காமப் போயிட்டேனா?”

“ஆமா. நான் சொல்றதக் கேளுங்க. அந்த வீட்டுல இருந்து கெளம்பறப்ப என்ன சொன்னீங்க?”

“என்ன சொல்வேன்? போயிட்டு வாறேன்க்கான்னேன். வாய் தவறி வந்துடுச்சு.”

“எழவு வீட்டுலயா!” அவள் கை வயிற்றுக்குப் போனது. “அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?”

தியாகு யோசித்தான். சாரதாம்பாள் அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை. கிட்டாரைப் பார்த்தபடி, நிம்மதியான குரலில் சொன்னாள்.

“கூட்டிட்டுப் போங்க தம்பின்னாங்க.”

“கிட்டார எடுத்துட்டுப் போங்கன்னுதானே சொல்வாங்க?” ஜெயா கிட்டாரையே பார்த்தாள். “கூட்டிட்டுன்னு யாரச் சொன்னாங்க?”

தியாகு கிட்டாரைச் சற்று இறுக்கிப் பிடித்தான்.

“அந்தக் கம்பியையாவது கழட்டிப் போடுங்க. அந்தாளு வேர்வ அதுல இருக்கு. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடு. எனக்குப் பயமா இருக்கு.”

அவளுக்காகக் குறடை எடுத்தான். புதுத் தந்திகள் அலமாரியில் தயாராகத்தான் இருந்தன. கடைசியாக ஒருமுறை என்று தடித்த தந்தியை மீட்டினான். தரைப் பலகை அதிர்ந்து உள்ளங்காலில் ஏறியது. இதையா வெட்டி எறிவது? பத்து வருடம் ஊறிய நாதம் மறுபடி எங்கே கிடைக்கும்?

“நாளைக்கு மாத்திடறேன் ஜெயா” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் கோபத்தோடு அடுப்படிக்குப் போனாள்.

கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். அவனுக்குத் தெரியாத பாட்டு ஒன்று வந்தது. விரல்கள் தாமாகவே இடம் கண்டுபிடித்தன. அவன் இந்த மூன்று வாரமாக முயன்றும் வசப்படாத இழுவைகள் நெய்யாக வழுக்கி விழுந்தன. ஈர வாடை போய், முகப் பவுடரும் பழைய சுருட்டுப் புகையும் கலந்த நடன அரங்கு வாடை மெல்ல எழுந்தது. நன்றாகத்தான் இருந்தது. மடியில் கிட்டாரின் கனம் குறைந்துகொண்டே வந்தது.

பிறகு கனமே இல்லை.

கண்ணைத் திறந்தான். கதவோரம் நின்றுகொண்டிருந்தான். எப்போது எழுந்தான்?

பாட்டு நிற்கவில்லை.

நாற்காலியில் தியாகு உட்கார்ந்திருந்தான். அதே பனியன். இடுப்பில் அதே சாரம். இடது புருவத்தில் அதே தழும்பு. தலை மட்டும் அவன் ஒருநாளும் சாய்க்காத பக்கம் சாய்ந்திருந்தது.

விரல்கள் நின்றன. தந்தியை விட்டு எழுந்தன. இரைச்சல் எழுந்தது.

தியாகு பாய்ந்தான். உள்ளங்கையை நாலு தந்திமேலும் வைத்து அழுத்தினான். இரைச்சல் அடங்கவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினான். குளிர்ச்சி தெரியவில்லை. கம்பி தெரியவில்லை. இரைச்சல்.

“ஜெயா!”

இரைச்சல் மட்டும்.

அவள் தேநீரோடு வந்தாள். அவன் நின்ற இடத்தின் வழியாகவே வந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் மெல்லச் சிரமப்பட்டு உட்கார்ந்தாள். கோபமெல்லாம் எங்கோ போயிருந்தது.

“ஏன் நிறுத்திட்டீங்க? இன்னிக்கு நல்லா வாசிச்சீங்க. பிள்ள கூட உதைக்குது. கையக் குடுங்க.”

நாற்காலியிலிருந்து ஒரு கை நீண்டது. அவள் அதைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

“ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?” என்று சிரித்தாள்.

மற்றொரு கை தந்தியில் படிந்தது. இரைச்சல் அடங்கியது.