பதினோரு வசனங்கள்

என் தங்கை இறந்துபோய் ஐந்து மாதமாகிறது. அவள் வீட்டை இன்னும் தங்கை வீடு என்றுதான் சொல்கிறேன். அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே போனபோது திரைச்சீலைகளெல்லாம் இழுத்து விடப்பட்டிருந்தன. இருட்டில் கணினியின் விசிறி மட்டும் முனகிக்கொண்டிருந்தது. சூடேறிய தூசியின் வாடை.

"வாங்க மச்சான்," என்றார் அவள் கணவர். "நேத்து கேம் தானா அப்டேட் ஆயிடுச்சு. அதுல அவ வாயத் திறக்க மாட்டேங்கிறா."

"அவ இருந்தப்போ இதுக்குத்தானே மாப்ள ஏங்கினீங்க?"

சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அது தோட்டம் போடும் விளையாட்டு. அதற்குள் சேர்க்க நானும் தங்கையும் ஒரு மோட், அதாவது ஒரு கூடுதல் பாகம், செய்திருந்தோம். வேலியோரம் நிற்கும் ஒரு பெண். உருவம் அவள் வரைந்தது, குரலும் அவளுடையது. நிரல் மட்டும் என்னுடையது. "ஏங்க, செடிக்குத் தண்ணி ஊத்துறீங்களா, நீச்சல் கத்துத் தரீங்களா?" இப்படிப் பதினோரு வசனங்கள், எல்லாம் கணவரைக் கிண்டலடிக்க. அவள் குரல் மிஞ்சியிருந்தது அந்தக் கணினியில், மோடின் ஒலி ஃபோல்டரில் மட்டும்தான். தினமும் கேட்டுவிட்டுத்தான் மாப்பிள்ளை சாப்பிடுவார்.

அவர் தேநீர் போட உள்ளே போனார்.

அவர் போனில் சொன்னதுமே, அப்டேட்டுக்குப் பொருந்தும் புது மோட் ஒன்றை எழுதி மடிக்கணினியில் கொண்டுவந்திருந்தேன். அதன் ஒலி ஃபோல்டர் காலி. பழைய வசனங்களை முதலில் அதற்குள் நகலெடுக்க வேண்டும். நானோ அதை நேராகப் பழையதன் மேல் போட்டேன். 'பழையதை அழித்து மாற்றட்டுமா?' என்று கேட்டது. கேள்வியை முழுசாகப் படிக்கும் பழக்கம் எனக்குப் பள்ளியிலேயே கிடையாது.

'சரி' என்று அழுத்தினேன்.

பதினொன்றும் போய்விட்டன.

மீட்டெடுக்க என்னென்னவோ செய்து பார்த்தேன். வரவில்லை. "காப்பி எடுத்து வை" என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற மேதாவி நான்.

"முடிஞ்சிதா மச்சான்?"

மாப்பிள்ளை இரண்டு கோப்பைகளோடு நின்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். அவரே உட்கார்ந்து விளையாட்டைத் திறந்தார்.

வேலியோரம் நின்றிருந்தாள். அவள்மேல் சொடுக்கினார்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"அண்ணா."

எந்த வசனத்திலும் நான் கிடையாது.

"அவர்கிட்ட சொல்லாத."

மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. "இது புதுசா இருக்கே! எத சொல்லக் கூடாதாம்?"

"பழசுதான் மாப்ள. நான்தான் ஒளிச்சு வச்சிருந்தேன்," என்று முணுமுணுத்தேன். என் மடிக்கணினியில் அதே புது மோடின் ஒலி ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன்.

காலி.

திரையில் அவள் திரும்பினாள். வேலியோரமாக மெல்ல நடந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளை நடக்க வைக்கும் நிரலை எழுத நான் சோம்பல்பட்டு விட்டுவிட்டிருந்தேன்.

மாப்பிள்ளை விளையாட்டில் தன் உருவத்தை அந்தக் கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"வருவா," என்றார்.

மூடிய கதவுக்குள்ளிருந்து, வாயைப் பொத்திக்கொண்டு யாரோ அழும் சத்தம் வந்தது.

மாப்பிள்ளை கையை நீட்டி ஒலியைக் கூட்டினார்.