நாலு பக்கமும் பொட்டு

சரஸ்வதி பூஜை லீவு முடிந்து வந்தால், எங்கள் ஆறாம் வகுப்பு ஸ்மார்ட் போர்டுக்குக் கிறுக்குப் பிடித்திருந்தது. யாரும் தொடாமலே திரையில் தானாகக் கோடு போட்டது. ஜெரூஷா மிஸ் அழித்தார். அது மறுபடியும் போட்டது.

“மிஸ், இதுக்குப் பேய் புட்ச்சிக்கீது!” என்றான் ஆரோன்.

எல்லோரும் சிரித்தோம். மிஸ் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் தலைமை ஆசிரியர் ராஜாராமன் சார் வந்து பார்த்தார்.

“ஓடாத போர்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றது மிஸ்? மத்தியானம் ஆள் வந்து கழட்டிட்டுப் போவாங்க.”

“திரும்பக் குடுப்பாங்களா சார்?”

“பார்க்கலாம்.”

பெரியவர்கள் பார்க்கலாம் என்றால் கிடைக்காது என்று பெரும்பாக்கத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

போர்டு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அது வந்த அன்றே மிஸ் ஓர் அட்டையில் ‘என் இலக்குகள்’ என்று எழுதிச் சுவரில் ஒட்டினார். நாற்பத்தொரு பேரும் போர்டில் தங்கள் கையால் எழுத வேண்டும். வீடியோ பார்ப்பதோடு நிற்காமல் நாமே வீடியோ செய்ய வேண்டும். வீட்டில் போன் இல்லாதவர்கள் பின்தங்கக் கூடாது.

கரண்ட் இருந்த நாட்களில் ஒன்பது பேர்தான் எழுதியிருந்தார்கள். என் முறை வரவே இல்லை. எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே போனும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்.

சார் போனதும் மிஸ் அந்த அட்டையைக் கிழித்து எடுத்தார்.

“என்னால முடியலம்மா” என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கியது. இனி அந்தப் போர்டை நான் தொடப்போவதே இல்லை.

போர்டு போகுமுன் கிட்டே போய் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அப்போதுதான் கவனித்தேன். கோடுகள் எல்லாம் ஓரத்தில் இருந்தே கிளம்பின. கிளம்பிய இடத்தில் எல்லாம் சட்டத்தின் உள்பக்கம் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம்.

நான் வைத்தவை! லீவுக்கு முந்தின நாள் வகுப்பில் நடந்த பூஜைக்கு எல்லோரும் கரும்பலகைக்கும் பீரோவுக்கும் வைத்தபோது, நான் போர்டுக்கு நாலு பக்கமும் ஆசையாக வைத்தேன்.

சொன்னால் வகுப்பே என்னைத் தின்றுவிடும். சொல்லாவிட்டால் போர்டு போய்விடும்.

“மிஸ்… பேய் இல்ல. நான்தான்” என்று பொட்டுகளைக் காட்டினேன்.

மிஸ் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

“ஐயோ உதயா! நம்ம விரல் எங்க படுதுன்னு பார்க்கிற கண்ணே இந்த ஓரத்துலதான் இருக்கு. அதை அடைச்சு வெச்சிருக்கியே!”

“தண்ணி எட்த்தாரட்டா மிஸ்?” என்றான் ஆரோன்.

“வேணாம்! காஞ்ச துணி போதும்.”

காய்ந்த சந்தனம் லேசில் வரவில்லை. ஒவ்வொரு பொட்டும் போகப் போக ஒரு கோடு நின்றது. கடைசிப் பொட்டை நான் சுரண்டிக்கொண்டிருக்கும்போது, கையில் ஸ்க்ரூடிரைவரோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார். பின்னாலேயே ராஜாராமன் சார்.

“சீக்கிரம் எழுது உதயா” என்றார் மிஸ்.

பொட்டைச் சுரண்டி முடித்தேன். என் பெயரை எழுதினேன். கோணலாகத்தான் வந்தது. ஆனால் நான் எழுதியது மட்டும்தான் வந்தது.

சார் கிட்டே வந்து திரையைப் பார்த்தார். பிறகு வந்தவரிடம், “டீ குடிச்சிட்டுக் கிளம்புப்பா” என்றார்.

வீட்டுக்குப் போகும் மணி அடித்தது. எழுதுவதற்காகப் போர்டுக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒருவரும் நகரவில்லை.