உள்ளே இரண்டு, வெளியே ஒன்று

முகாம் விடுதியின் சாப்பாட்டு அறையில் அப்போது இருந்தவர்கள் இவர்கள்:

ஜன்னலோர நாற்காலியில் இன்ஸ்பெக்டர். அவருக்கு எதிரே, மேஜையின் மறுமுனையில், இறந்தவரின் மனைவி. அவள் தோளில் கை வைத்தபடி பக்கத்து நாற்காலியில் அவளுடைய அண்ணன், மர மில் முதலாளி. வாசல்படியில் ஜீப் டிரைவர், பாதி உள்ளே, பாதி வெளியே. அவனுக்குப் பக்கத்தில் இரண்டு கான்ஸ்டபிள்கள், ஒருவர் பெண். சுவரோர ஸ்டூலில் வழிகாட்டி. காடு பார்க்க வருகிறவர்களை நாள் முழுக்க "உஷ்... உஷ்..." என்று அடக்கி அடக்கியே 'உஷ் அக்கா' என்று பெயர் வாங்கியவள்.

இன்னொருவரும் இருந்தார்.

அவர் உட்காரவில்லை.

அடுத்த அறைக் கட்டிலில், வெள்ளைப் போர்வைக்குக் கீழே படுத்திருந்தார். கேமராக்காரர். விடியற்காலையில் நாரைகளைப் படம் எடுக்கப் போனவர்... மண்டை பிளந்து திரும்பி வந்திருந்தார்!

"கடைசியா அவரோட இருந்தது யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மில் முதலாளியின் விரல் நீண்டது.

"இவதான் சார்! என் மாப்பிள்ளைய ஏரிக்கரை மறைவுக் குடிலுக்குக் கூட்டிட்டுப் போனதும் இவதான். தனியா வெளியே வந்ததும் இவதான்."

"என்னம்மா? ரெண்டு பேரா உள்ளே போனீங்க. நீங்க மட்டும் வெளியே வந்தீங்க. சரியா?"

"சரிதான் சார். அதுதான் எங்க முறை."

"என்ன முறை? கொலை பண்றதா?"

"ஐயோ, இல்ல சார்!" உஷ் அக்கா இரண்டு விரலை நீட்டினாள். "குடிலுக்குள்ள ஒருத்தர் மட்டும் போனா பறவை கிட்டவே வராது. ஆள் உள்ளே இருக்காருன்னு அதுக்குத் தெரியும். அதனால ரெண்டு பேரா போவோம். கொஞ்ச நேரம் கழிச்சு, எல்லாப் பறவையும் பாக்குற மாதிரி ஒருத்தர் மட்டும் வெளியே நடந்து வந்துடுவோம். அதுங்களுக்கு எண்ணத் தெரியாது சார். குடில் காலின்னு நெனச்சு இறங்கிடும்."

"எனக்கு எண்ணத் தெரியும்மா. ரெண்டுல ஒண்ணு போனா ஒண்ணு. அந்த ஒண்ணு இப்போ பொணம்!"

உஷ் அக்காவின் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

வீட்டில் அவள் கணவர் சக்கர நாற்காலியில் காத்திருப்பார். சாயங்காலம் இவள் போய்த் தூக்கிக் கட்டிலில் விட்டால்தான் அவருக்குப் படுக்கை. இவள் ஜெயிலுக்குப் போய்விட்டால்...?

"நேத்து கேமராக்காரரோட சண்டையாமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"யானைக்குப் பக்கத்துல ஜீப்பை விட்டு இறங்கினாரு. திட்டினேன் சார். உயிர் போயிடும்னு..."

"போயிடுச்சு!" என்றார் மில் முதலாளி. "உன் வேலைய காலி பண்றேன்னு மாப்பிள்ளை சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு."

இன்ஸ்பெக்டர் மில் முதலாளியின் பக்கம் திரும்பினார். "நீங்க எங்கே இருந்தீங்க?"

"எதிர்க்கரைக் கோபுரத்துல சார். விடிஞ்சதுலேர்ந்து நானும் தங்கச்சியும் பைனாகுலரை மாத்தி மாத்திப் பாத்துட்டிருந்தோம். இவ வெளியே வந்தா. உடனே நாரைங்க கூட்டமா இறங்கிச்சு. குடிலுக்கு முன்னாடி சேத்துல அசையாம நின்னுச்சு. வேற யாராவது அந்தப் பக்கம் போயிருந்தா அதுங்க பறந்திருக்காதா சார்?"

"நல்ல பாயிண்ட்!"

"நானும் பாத்தேன் சார்..." விதவை விசும்பினாள். "எவ்ளோ அழகா நின்னுச்சுங்க! அங்கே உள்ளே அவரு ரத்தத்துல..."

முந்தானை முகத்தை மூடிக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்ட, பெண் கான்ஸ்டபிள் உஷ் அக்காவின் பக்கம் நகர்ந்தாள்.

உஷ் அக்கா கண்ணை மூடினாள். காலையில் நடந்ததை மறுபடி நடந்து பார்த்தாள். அவரை அழைத்து வரத் திரும்பிப் போனது... பின்கதவைத் தள்ளியது... கையோடு திறந்துகொண்டது...

ஏதோ இடித்தது.

அந்தக் கதவு திறந்தால் எப்போதும் சடசடவென்று ஒரு கூட்டமே எழும்பும். இன்று ஓர் இறகுகூட எழும்பவில்லை. தண்ணீரில் மட்டும் கனமாக எதுவோ... தொபுக்!

அவள் கண் திறந்தது.

"சார்! நான் வெளியே வந்ததும் அவரு உள்தாழ்ப்பாள் போட்டாரு. சத்தம் கேட்டுச்சு. திரும்பப் போனப்ப தாழ்ப்பாள் போடலை. உடைக்கவும் இல்லை. அவரேதான் யாருக்கோ திறந்து விட்டிருக்காரு!"

"கதை விடறா சார்!"

"இருங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "யாருக்கும்மா திறப்பாரு?"

"என் மூச்சுச் சத்தத்துக்கே சீறி விழுறவரு சார். ரொம்ப வேண்டியவங்க குரல் கேட்டாத்தான் திறப்பாரு."

வாசல்படியிலிருந்து டிரைவர் தொண்டையைச் செருமினான்.

"அப்போ மில்லுக்காரருக்குத் திறந்திருக்க மாட்டாரு சார். நேத்து ஜீப்புல ரெண்டு பேருக்கும் அப்படி ஒரு வாக்குவாதம்..."

"டேய்! வண்டி ஓட்டறவன் வண்டிய மட்டும் ஓட்டு!"

"ஓட்டினேன் முதலாளி. காதை யாருகிட்ட குடுத்துட்டு ஓட்டறது?" அவன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். "காட்டுக்குள்ள திருட்டுத்தனமா மரம் வெட்டி, இவரு மில் லாரியில ஏத்தினதை அவரு படம் பிடிச்சுட்டாரு சார். வனத்துறைக்குக் குடுக்கப் போறேன்னாரு. 'மாப்ளே, அழிச்சுடுங்க, குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும்'னு இவரு கெஞ்சினாரு."

"அந்தக் கேமரா எங்கே?"

கான்ஸ்டபிள் கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டர் பிரித்தார்.

உள்ளே கார்டு இல்லை!

மில் முதலாளி எழுந்துவிட்டார். "நான் கோபுரத்தை விட்டு இறங்கவே இல்ல சார்! நாரைங்களே சாட்சி!"

"அப்போ சாட்சிங்களைப் பாத்துட்டு வரலாம் சார்," என்றாள் உஷ் அக்கா. "ஒரே ஒரு தடவை."

குடில் ஏரிக்கரையில் இருந்தது. நாணல் தட்டி வேய்ந்த சுவர். முன்பக்கம் கேமரா நீட்டுவதற்கு ஒரு கையகல ஜன்னல். பின்கதவு வரைக்கும் கருங்கல் பாதை. அதில் தடம் விழாது. உள்ளே தரையில் ரத்தம் கறுத்துப் போயிருந்தது. பக்கத்தில் அவரைச் சாய்த்த கேமரா ஸ்டாண்ட்.

இன்ஸ்பெக்டர் ஜன்னலில் கண் வைத்தார்.

"வெறும் சேறு. ஒண்ணுமே இல்லையேம்மா?"

"அதேதான் சார்! ராத்திரி மழை. சேறு பூசி விட்ட மாதிரி வழவழன்னு இருக்கு. ஒரு நாரை இறங்கியிருந்தாக்கூட விரல் விரலாத் தடம் விழுந்திருக்கும். கூட்டமே நின்னுச்சுங்கறாரு. ஒரே ஒரு தடம் காட்டச் சொல்லுங்க!"

இன்ஸ்பெக்டர் மறுபடி பார்த்தார். புருவம் சுருங்கியது.

"நடுவுல அகலமா ஒரு கோடு போகுதே? படகை இழுத்த மாதிரி. ரெண்டு பக்கமும் என்னமோ கால்..."

"உஷ்!"

இன்ஸ்பெக்டரே வாயை மூடிக்கொண்டார்.

அவள் விரல் இடது ஓரத்தைக் காட்டியது. அங்கே ஒரு பழைய மரக்கட்டை கிடந்தது.

கட்டை ஒரு கண்ணைத் திறந்தது!

"மு... முதலை!" கான்ஸ்டபிள் பின்னால் சாய்ந்து தட்டியில் மோதினார்.

"வெயில் ஏறினதும் கரையேறிப் படுக்கும் சார். நான் வந்தப்ப தண்ணியில குதிச்சது இதான். வயித்தைத் தேய்ச்சுட்டு ஏறின தடம்தான் அது. இது வாயைப் பொளந்துட்டுக் கிடக்கிற இடத்துல எந்த நாரை சார் இறங்கும்? கோபுரத்துலேர்ந்து பாத்தா முதல்ல கண்ணுல படறதே இதுதான். பின்கதவு வழியா வந்துட்டுப் போனவங்களுக்கு மட்டும்தான் தெரியாது!"

"அப்போ அவரு சொன்ன நாரை?"

"நேத்து சாயங்காலம் நான் நடத்தின பாடம் சார். ரெண்டு பேர் போய் ஒருத்தர் வந்தா நாரை இறங்கும்னு சொன்னேன். அதை அப்படியே ஒப்பிச்சிருக்காரு!"

அவர்கள் விடுதிக்குத் திரும்பியபோது யாரும் இடம் மாறியிருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் உட்காரவில்லை. "உங்க சாட்சிங்களைப் பாத்துட்டு வந்தோம் முதலாளி. அதுல ஒண்ணுக்கு நாலு காலு. வாய் நெறையப் பல்லு!"

அவர் சொல்லி முடித்தபோது மில் முதலாளியின் முகம் சுண்ணாம்பாகியிருந்தது. கையில் விலங்கு ஏறியது.

விதவை துள்ளி எழுந்தாள். அண்ணன் கன்னத்தில் பளார்!

"பாவி! கூடப் பொறந்தவனா நீ? என் புருஷனையா... ஐயோ!" கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது.

"அழாதீங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர், குரல் இளகி. டிரைவர் ஒரு டம்ளர் தண்ணீரோடு ஓடி வந்தான்.

உஷ் அக்கா மட்டும் ஸ்டூலை விட்டு அசையவில்லை.

"அம்மா..." என்றாள் மெல்ல. "நீங்களும்தானே அந்த நாரைங்களைப் பாத்தீங்க?"

அழுகை நின்றது.

தேய்ந்து நிற்கவில்லை. குழாயைத் திருகின மாதிரி நின்றது!

"அண்ணன் கூப்பிட்டா அவரு திறக்க மாட்டாரு. நீங்க கூப்பிட்டீங்க. திறந்தாரு. இல்லையாம்மா?"

விதவை கைப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பெண் கான்ஸ்டபிள் அவள் கைப்பையை மேஜையில் கவிழ்த்தாள். சீப்பு... சாவிக் கொத்து... மூக்குக் கண்ணாடிக் கூடு. கூட்டைத் திறந்தாள். கண்ணாடிக்கு அடியில், நகத்தளவு கறுப்பாக...

கேமரா கார்டு!

"மில்லுல பாதி என் பேர்ல இருக்கு," என்றாள் விதவை. குரலில் ஈரமே இல்லை. "படம் அவருக்குப் பொழுதுபோக்கு. மில் எங்களுக்குச் சோறு."

வாசலில் போலீஸ் ஜீப் உறுமியது.

அன்று சாயங்காலம் உஷ் அக்கா வீடு போய்ச் சேர்ந்தாள். கணவரைக் கட்டிலில் விட்டாள். தலையணையைச் சரி செய்தாள். அப்புறம் வனத்துறை அலுவலகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை, டிரைவர் ஜீப்போடு வாசலில் நின்றான்.

"போற வழியில இதைத் தபால்ல சேர்த்துடு."

"என்னக்கா எழுதியிருக்கே?"

"குடில் முறையை மாத்தச் சொல்லி. இனிமே மூணு பேர் உள்ளே போகணும், ரெண்டு பேர் வெளியே வரணும்."

"பறவைக்கு எண்ணத் தெரியாதுன்னியே?"

"இது பறவைக்காக இல்லடா. போலீசுக்கு!"

"அந்த முதலை? அதை வேற ஏரிக்கு மாத்தப் போறாங்களாமே?"

"மாத்தக் கூடாதுன்னு அடியில எழுதியிருக்கேன்." உஷ் அக்கா கடித உறையின் ஓரத்தில் பசை தடவி, விரலால் அழுத்தி ஒட்டினாள். அவன் கையில் கொடுத்தாள்.

"ஏன்க்கா?"

"நேத்து அங்கே இருந்ததுலயே கண்ணீர் விடாத முதலை அது ஒண்ணுதான்!"